பல் கிளினிக்கில் கியூஆர் கோடு: ஜிபே பண்ண மட்டும்தானா?

வீரகேரளம்புதூர், சுரண்டை பக்கம் டீக்கடை, பூக்கடை, மெடிக்கல் என எங்கே போனாலும் ஒரு கியூஆர் அட்டை நிற்கிறது. பல் டாக்டர் கிளினிக்கிலும் அதே அட்டைதான். பல்லைப் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்தபடியே ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டுகிறோம். ஆனால், இந்தக் கோடு பணம் கட்டுவதற்காகப் பிறந்ததே இல்லை. 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் இதை உருவாக்கியது கார் உதிரிபாகங்களின் கணக்கை வைத்துக்கொள்ளத்தான். அதாவது ஸ்டாக் கணக்கு. அந்தப் பழைய வேலைக்கு அது இப்போது பல் கிளினிக்குகளிலும் திரும்பி வருகிறது.

சரி, ஒரு பல் கிளினிக்கில் அப்படி என்ன ஸ்டாக் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன், பல் அடைக்கும் காம்போசிட், அதை ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம், வேர் சிகிச்சைக்கான ஃபைல்கள், அளவெடுக்கும் ஆல்ஜினேட் பவுடர், கையுறை, ஊசி, சலைன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலாவதி தேதி. சில பாண்டிங் திரவங்களை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். ஆல்ஜினேட்டுக்கு ஈரம் ஆகாது. குற்றாலச் சாரல் அடிக்கிற மாதங்களில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் பவுடர் வீண்தான்.

பெரிய நகரத்தில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் அரை மணி நேரத்தில் வரவழைக்கலாம். தாலுகா ஊர்களில் திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கூரியர் வர வேண்டும். “மெட்டீரியல் வரலை, ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றால் டாக்டருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் மட்டும்தான் போகும். பஸ் ஏறி வந்தவருக்கு அன்றைய கூலியும் போய்விடும்.

எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு வகை. முதலாவது, கம்பெனியே பெட்டியில் அச்சடித்து அனுப்பும் கோடு. 300 முன்னணி மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மத்திய அரசு இதைக் கட்டாயமாக்கியது. டோலோ, கால்பால், ஆக்மென்டின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பல் வலிக்குப் போனவர்களுக்குப் பழக்கமான பெயர்கள்தான். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் ஆகியவை ஸ்கேன் செய்தால் வர வேண்டும்.

பல் மருத்துவப் பொருட்கள் பலவும் சட்டப்படி ‘மருத்துவ சாதனங்கள்’. அவற்றுக்கும் தனித்த அடையாளக் கோடு வேண்டும் என 2017-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2022 ஜனவரி 1 என்று தேதியும் குறித்தார்கள், பிறகு தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்கிற கம்பெனிகளின் பெட்டிகளில் இப்போதே புள்ளிப் புள்ளியாக ஒரு சின்ன சதுரம் இருக்கும். அது கியூஆர் இல்லை, டேட்டாமேட்ரிக்ஸ். அதற்கான ஸ்கேனர் ஆப்பில் பார்த்தால் நீளமான எண் வரிசை வரும். 01-க்குப் பின்னால் வரும் 14 இலக்கம் பொருளின் அடையாளம், 17-க்குப் பின்னால் வரும் 6 இலக்கம் காலாவதி தேதி (வருடம், மாதம், நாள்), 10-க்குப் பின்னால் வருவது பேட்ச்.

இரண்டாவது வகை, கிளினிக்கே தயாரித்து ஒட்டுவது. இதற்கு லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் தேவையில்லை. ஒரு கூகுள் ஷீட், ஒரு கூகுள் ஃபார்ம், ஸ்டிக்கர் தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கியூஆர். உதவியாளர் பெட்டியைப் பிரிக்கும்போது ஸ்கேன் பண்ணினால், பொருளின் பெயர் ஏற்கெனவே நிரப்பப்பட்ட ஃபார்ம் திறக்கும். ‘ஒன்று எடுத்தேன்’ என்று தட்டினால் போதும். கையிருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஷீட்டில் சிவப்பு விழும். முதலில் காலாவதியாவதை முதலில் எடு என்ற விதியையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம். கோடுக்குள் கணக்கு எதுவும் இருக்காது. அது வெறும் பெயர்ப்பலகை. கணக்கு ஷீட்டில்தான் இருக்கிறது. அங்கே நோயாளியின் பெயரை எழுதாமல் கேஸ் எண்ணை மட்டும் எழுதுவது நல்லது.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. கியூஆர் பிறந்த அதே 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கணினிக் கணக்கோடும் பாஸ்புக்கோடும் மருந்து கொடுத்துவருகிறது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை அது. சின்னத் தனியார் கிளினிக்குகளில்தான் இன்னும் நோட்டும் ஞாபக சக்தியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இது வெறும் வசதி விஷயமா?

இல்லை. வாணியம்பாடியை நினைத்துப் பாருங்கள். 2022-23-ல் திருப்பத்தூர் மாவட்டத்தையும் அதன் சுற்றுப்பகுதிகளையும் சேர்ந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. அவர்களில் 10 பேர் அங்குள்ள ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தேடிப்போனபோது கை நீண்டது ஒரு சலைன் பாட்டிலை நோக்கி. அறுவைக் கருவியால் திறந்து, பஞ்சால் அடைத்து வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025-ல் லான்செட் குழும இதழில் இது வெளியானது.

அந்த பாட்டிலில் கியூஆர் ஒட்டியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பொய். திறந்த பாட்டிலைத் தூக்கிப் போடுவதற்கு ஸ்டிக்கர் தேவையில்லை, ஒழுங்கு போதும். ஆனால் எந்த பாட்டிலை எப்போது திறந்தார்கள், அது எந்த கேஸுக்கெல்லாம் போனது என்று பதிவு இருந்தால், முதல் இரண்டு நோயாளிகளிலேயே பொதுவான புள்ளி தெரிய வாய்ப்புண்டு. கம்பெனி ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறும்போதும் இதே கேள்விதான்: அது யார் வாயில் இருக்கிறது?

குறைகளும் உண்டு. ஸ்கேன் செய்ய மறந்தால் ஷீட் பொய் சொல்லும். கூட்டமான திங்கட்கிழமை காலையில் கண்டிப்பாக மறப்பார்கள். கையுறை போட்ட கையோடு போனைத் தொட்டால் அது இன்னொரு சுகாதாரப் பிரச்சினை, ஆகவே ஸ்கேன் வேலை அலமாரிப் பக்கத்தோடு முடிய வேண்டும். அச்சடித்த கோடை நகலெடுத்து போலிப் பெட்டியில் ஒட்டவும் முடியும். எனவே, ஸ்கேன் ஆனது என்பதற்காகவே மருந்து அசல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

நோயாளியாக நீங்கள் ஒன்று செய்யலாம். பல் இம்ப்ளான்ட் வைக்கிறீர்கள் என்றால், பெட்டியோடு வரும் பேட்ச் ஸ்டிக்கரில் ஒன்றை உங்கள் சிகிச்சை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பல பிராண்டுகள் அதற்கென்றே உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்களைக் கூடுதலாக வைத்திருக்கின்றன. பத்து வருஷம் கழித்து அந்த ஸ்க்ரூ தளர்ந்து, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனால், அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.