வருஷ முடிவும் நம்பிக்கையும்

ஆங்கில வருஷம் ஒன்று முடிந்து அடுத்தது பிறக்கப் போகிறது. பத்திரிகைகள் புத்தாண்டுப் பலன் வெளியிட ஆரம்பித்து விட்டன. இன்ன ராசிக்காரருக்கு உத்தியோக உயர்வு, இன்ன ராசிக்காரருக்கு வாகன யோகம், இன்ன ராசிக்காரர் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்ற வேண்டும் என்பதாக, நாட்டு மக்கள் அத்தனை பேரையும் 12 பட்டிகளில் அடைத்துப் பலன் சொல்லியாகிறது. போன வருஷம் சொன்ன பலன் என்னவாயிற்று என்று கேட்பார் எவருமில்லை.

கோயில்களின் சங்கதியோ இன்னும் வேடிக்கை. அர்த்தஜாமப் பூஜை முடிந்து சுவாமி பள்ளியறைக்குப் போய்விட்டால் விடியுமுன் அவரை எழுப்புவது ஆகமத்துக்கு விரோதம் என்பார்கள். ஆனால் டிசம்பர் 31-ந் தேதி நடுநிசியில் பல கோயில்களின் கதவுகள் வெள்ளைக்காரன் காலண்டருக்காகத் திறக்கப்படுகின்றன. மார்கழி பீடை மாதம், அதில் சுபகாரியம் ஆகாது என்கிறவர்களும், அந்த மார்கழியின் நடுவில் வரும் ஜனவரி முதல் தேதிக்கு மட்டும் வரிசையில் போய் நிற்கிறார்கள். உண்டியல் வசூல் என்று வந்துவிட்டால் ஆகமமும் சற்று விலகி வழி விடும் போலும்!

இந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். "உமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, மத நம்பிக்கை இல்லை, அரசியல்காரர்களிடத்திலும் நம்பிக்கை இல்லை. பின் எந்த நம்பிக்கையைக் கொண்டு அடுத்த வருஷத்துக்குள் கால் வைக்கிறீர்?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் சொல்லுமுன், இவ்வருஷத்தில் நாம் செய்த ஒரு தப்பிதத்தை வாசகர்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம்.

ஆவணி மாதத்தில் ஒரு கிராமத்தில் பிரசாரக் கூட்டம். டீக்கடைக்குப் பக்கத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். கடவுள், தலைவிதி, முன்ஜென்ம கர்மம் ஆகியவைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். முடிவில் வழக்கம்போல், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் எழுந்து, "சாமி இல்லேன்னு சொல்றீங்க, சரிங்கய்யா. எம்மவன் செத்துப் போயிட்டான். நான் யார்கிட்டப் போயி அழுவுறது?" என்று கேட்டார். நாமும் மேடைப் பழக்கத்தின் திமிரில், "அழுவதற்குச் சாமி எதற்கம்மா, கண் இருந்தால் போதாதா?" என்று சொல்லிவிட்டோம். கூட்டம் சிரித்தது. அவ்வம்மையார் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

கூட்டம் முடிந்த பிறகுதான் உள்ளூர்த் தோழர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அவருடைய மகன் 27 வயது வாலிபர். பக்கத்து ஊரில் ஒரு கட்டடத்தின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கிவிடப்பட்டு உள்ளேயே மாண்டவர். அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை. நாம் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நாம் கற்றதெல்லாம் வாசகசாலையிலும் அச்சுக்கூடத்திலும் கற்றதுதான். எதிரியை மடக்கும் வித்தையைக் கற்ற அளவுக்குத் துக்கப்படுகிறவர் எதிரியல்ல என்பதைக் கற்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்து நடந்ததையெல்லாம் சொன்னார். மகன் செத்தவுடன் மதம் வந்தது. இது துர்மரணம், ஆவி சாந்தியடையாது, பரிகாரம் செய்தாக வேண்டும் என்று சொல்லி 8,000 ரூபாய் பிடுங்கிக் கொண்டது. அந்தப் பணத்துக்கு இன்றைக்கும் வட்டி கட்டி வருகிறார். பிறகு அரசியல் வந்தது. நாலைந்து பேர் மாலையோடு வந்தார்கள். படம் எடுத்துக் கொண்டார்கள். ஆவன செய்வதாகச் சொன்னார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. கட்டடக்காரரோ, "அவனாகவே இறங்கினான், நான் சொல்லவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜோசியர் ஒருவர் மட்டும் முகம் கோணாமல், "அவன் தலைவிதி அம்மா, யாரால் மாற்ற முடியும்?" என்று ஆறுதல் சொன்னாராம்.

அந்தத் தலைவிதி என்பதுதான் என்ன? பல நாள் மூடிக் கிடந்த தொட்டியில் மலம் அழுகுவதால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. கொஞ்சமாயிருக்கும்போது அழுகிய முட்டை வாடை வீசும். அதிகமாகிவிட்டாலோ மூக்குக்கு அந்த வாடையே தெரியாமல் போய்விடும். வாடை போய்விட்டதென்று நினைத்து இறங்குகிறவன் இரண்டொரு மூச்சில் விழுகிறான். அவனைத் தூக்கப் போகிற அண்ணனோ தம்பியோ அவன் மேலேயே விழுகிறான். இந்த வாயு உள்ளே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதைக் கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டு மேலே நின்றபடியே அளந்துவிடலாம். உள்ளே ஆள் இறங்காமல் லாரியில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். அப்படியானால் அவ்வாலிபரைக் கொன்றது பிரமன் எழுதிய எழுத்தா, அல்லது லாரிக் கூலியை மிச்சம் பிடிக்க நினைத்தவருடைய பேராசையா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மனிதனைக் கொண்டு மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அது போதாதென்று 2013-ல் மற்றொன்று செய்தார்கள். அதன்படி, தக்க பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக் குழியிலோ கழிவுத் தொட்டியிலோ இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்திற்று. அப்படியிருந்தும் சாவு நின்றபாடில்லை. ஏனெனில், இறங்குகிறவர் எந்த ஜாதியார் என்பது இறக்குகிறவருக்குத் தெரியும். பிறப்பினாலேயே ஒருவனுக்கு இந்த வேலை என்று விதித்த மதம் மனத்துக்குள் இருக்கிறவரையில், காகிதத்திலிருக்கும் சட்டத்துக்கு மதிப்பு ஏது? தலைவிதியை நம்புகிற நாட்டில் சட்டவிதி தூங்கத்தான் செய்யும். மதத்தையும் அரசியலையும் தனித்தனியே பார்க்கக்கூடாது என்று நாம் சொல்லி வருவது இதனால்தான்.

நிற்க, நண்பர் கேட்ட நம்பிக்கையைப் பற்றிச் சொல்லுவோம். நம் பாஷையில் இந்த ஒரே வார்த்தை இரண்டு காரியங்களைக் குறிக்கிறது. ஆதாரமில்லாத ஒன்றை ஆராயாமல் ஒப்புக்கொள்வதும் நம்பிக்கை. முயன்றால் நாளைக்கு இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று துணிவதும் நம்பிக்கை. முன்னதை விட்டவனுக்குப் பின்னதும் இருக்காது என்பதாக ஒரு புரளியைக் கிளப்பி விட்டிருக்கிறார்கள். உண்மையோ நேர்மாறானது.

நம் பாட்டியார் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவருடன் பிறந்தவர்களில் இருவர் அந்த அம்மையிலேயே போனவர்கள். அக்காலத்தில் ஆத்தாள் வார்த்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கூழ் வார்த்தார்கள். அம்மை குத்த வந்தவரைக் கண்டு கதவைச் சாத்தினார்கள். ஆனால் 1796-ல் ஜென்னர் கண்டுபிடித்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாத எத்தனையோ ஊழியர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகத் திரிந்தார்கள். 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை தோன்றவில்லை. இயற்கையாய்ப் பரவிய கடைசி நோயாளி 1977-ல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 மே மாதம், பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார சபை அறிவித்துவிட்டது. நாம் பிறந்ததும் அதை ஒட்டிய காலந்தான். நம் முகத்தில் தழும்பில்லாததற்கு ஆத்தாளின் கருணை காரணமல்ல. கதவைச் சாத்தியும் திரும்பத் திரும்ப வந்து தட்டினவர்களின் பிடிவாதமே காரணம்.

மற்றொரு உதாரணம். 2019-ல் சந்திரயான்-2 புறப்படுமுன் திருப்பதிக்குப் போய்க் கும்பிட்டு வந்தார்கள். அதன் இறங்கு கலம் சந்திரனில் மோதி உடைந்தது. 2023-ல் சந்திரயான்-3-ன் சிறு மாதிரியைக் கொண்டு போய் அதே திருப்பதியில் வைத்துக் கும்பிட்டார்கள். அந்த ஆகஸ்டு 23-ந் தேதி அது சேதமில்லாமல் இறங்கிற்று. இரண்டு தடவையும் சுவாமி ஒருவரே. நடுவில் மாறினது என்ன? எங்கே தப்பு நேர்ந்தது என்று நாலு வருஷம் உட்கார்ந்து ஆராய்ந்து திருத்தினார்களே, அதுதான் மாறிற்று. சந்திரனுக்கு இயந்திரத்தை அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு, பத்தடித் தொட்டிக்குள் இயந்திரத்தை இறக்கத் தெரியாதா? தெரியும். சாக்கடைக் குழிக்குள் இறங்கி அள்ளும் இயந்திரத்தைக் கேரளத்து வாலிபர்கள் சிலர் செய்து 2018-லேயே திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். ஆகவே குறை அறிவில் இல்லை, மனத்தில் இருக்கிறது. மனத்திலுள்ள குறையைப் பேசியும் எழுதியும் சண்டையிட்டும் மாற்ற முடியும் என்பதற்குச் சாட்சியமும் இருக்கிறது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்துக்கு விரோதமாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தபோது, சாஸ்திரம் போச்சு, கலை போச்சு என்று கூச்சலிட்டார்கள். சட்டம் வந்தது 1947-ல். இடையில் 20 வருஷம். அந்த 20 டிசம்பர் மாதங்களிலும் அந்த அம்மையாருக்கு, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று தோன்றியிராதா? தோன்றியும் விடவில்லை, அதைத்தான் நாம் நம்பிக்கை என்கிறோம்.

இதைச் சொல்லும்போது நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைவர்கள் படத்துக்கு வருஷத்துக்கு இரண்டு நாள் மாலை போட்டுவிட்டு, கடமை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போகிற பகுத்தறிவுக்காரர்கள் பெருகி வருகிறார்கள். இதுவும் ஒருவகைப் பூஜையே. எதிரியைச் சிரிக்க வைக்கிற பேச்சும், பதில் சொல்ல முடியாத கிழவியைச் சிரிப்புக்கு ஆளாக்குகிற பேச்சும் நம்மிடம் ஏராளம். ஒரு மனுவை எழுதிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நாலு நாள் நிற்கிற பொறுமைதான் குறைச்சல். மதம் பொய்யாகவாவது ஓர் ஆறுதலோடு துக்க வீட்டுக்குள் நுழைகிறது. நாம் மெய்யைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டால், மக்கள் யார் பக்கம் போவார்கள்?

அவ்வம்மையாரின் விஷயம் இன்னும் முடியவில்லை. உள்ளூர்த் தோழர்கள் மூவர் மனு எழுதினார்கள்; மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டு நான்காம் தடவை வாங்கிக் கொள்ளப்பட்டிருக்கிறது. கட்டடக்காரர் பேரில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. இறந்தவரின் தம்பியும் அதே வேலைக்குப் போகவிருந்தார். இப்போது மின்சார வேலை படிக்கிறார். மாடத்தில் அவ்வம்மையார் இன்னமும் விளக்கேற்றி வைக்கிறார். அதை ஊதி அணைக்க நாம் போகவில்லை. ஆனால் போன வாரம் போயிருந்தபோது அவராகவே, "வருஷ திதிக்கு இன்னும் அஞ்சாயிரம் கேக்குறாங்கய்யா. குடுக்க மாட்டேன்னுட்டேன். சின்னவன் படிப்புக்கு ஆவும்" என்றார். ஒன்றரை மணி நேரப் பிரசங்கம் செய்யாததை மூன்று தோழர்களின் நாலு மாத அலைச்சல் செய்திருக்கிறது.

ஆகவே வாசகத் தோழர்களை இந்த வருஷ முடிவில் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டுத் தொட்டியிலோ, உங்கள் தெருக் குழியிலோ மனிதன் இறங்க இடங்கொடாதீர்கள். கூலி அதிகமானாலும் இயந்திரத்தையே கூப்பிடுங்கள். எங்கேனும் இப்படி ஒரு சாவு நேர்ந்தால், புரோகிதர் போய்ச் சேருமுன் சட்டம் தெரிந்த ஒருவரை அங்கே கொண்டு போய்ச் சேருங்கள். இன்ன ராசிக்கு என்ன பலன் என்று பார்ப்பதை விட்டு, போன வருஷம் நாம் செய்ததற்கு என்ன பலன் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நண்பருக்கு நம்முடைய பதிலும் அவ்வளவே. வரப்போகும் வருஷம் நல்ல வருஷமாயிருக்கும் என்று நாம் ஜோசியம் சொல்லப் போவதில்லை. அந்த ஐந்தாவது மனு தேவைப்பட்டால் அதை எழுத ஆள் இருக்கிறது என்பது மட்டும் நமக்கு நிச்சயமாய்த் தெரியும்.