முதல்ல பிரேக்கு, அப்புறம்தான் கெத்து

பொட்டி தட்டிச் சேர்த்த காசுல பழைய மகிந்திரா எம்.எம். 540 வாங்கி எட்டு மாசம் ஆச்சு. "என்ன மச்சி, இன்னும் பெரிய டயர் போடலியா?"ன்னு கேக்காத ஆளே இல்ல. போடல. போடவும் கூடாதுங்கறது என் கட்சி. கதையைக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

படிச்சது என்னவோ இன்ஜினியரிங்தான். ஆனா டீசல் தீர்ந்து வண்டி நின்னா, திரும்ப டீசல் ஊத்தினா மட்டும் போதாது, லைன்ல ஏர் எடுக்கணும்னு தெரியாது. கள்ளக்குறிச்சி மெக்கானிக் அண்ணன்தான் ஃபில்டர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, கையால பம்ப் அடிச்சு, நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் முடுக்கினார். அஞ்சு நிமிஷ வேலை. போறப்போ, "தம்பி, பிரேக் ஆயில் கருத்துப் போச்சு, மாத்திடுங்க"ன்னார். நான் மாத்தல. அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு எல்.ஈ.டி. லைட் பார் வாங்கினேன்!

ரெண்டு வாரம் கழிச்சு கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறினப்போ ஒரு பிரச்சினையும் இல்ல. 2112 சிசி பியூஜோ இன்ஜின் தடதடன்னு இழுத்துச்சு. இறங்கும்போது டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு வளைவுல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. எதிர்ல விறகுக்கட்டோட ஒரு அம்மா, பின்னால ஒரு சின்னப் பொண்ணு. பல்லு கடிக்கிற சத்தத்தோட கியரைச் சொருகி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் மண்மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். அந்த அம்மா திட்டக்கூட இல்ல. "பாத்துப் போ சாமி"ன்னுட்டு நடந்தாங்க. எனக்குக் கைநடுக்கம் நிக்க அரைமணி ஆச்சு.

விஷயம் சிம்பிள். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்தா 140 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகலாம். ஆவி அமுங்கும், அதனால மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. என் வண்டியில நாலும் டிரம் பிரேக், சூடு லேசுல இறங்காது. அதான் ஏறின கியர்லயே இறங்கணும்னு லாரிக்காரங்க சொல்றது.

"வில்லிஸ் ஜீப் வம்சம்டா, எதையும் தாங்கும்"னு சில பேர் சொல்வாங்க. தாங்கும், பாத்துக்கிட்டா. பெரிய டயர் போட்டா அதே பழைய பிரேக்தான் கூடுதலா மல்லுக்கட்டணும். அதனால புதுசா வாங்கறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: முதல் வருஷம் வெளிய எதையும் மாத்தாதீங்க. காசை அடியில போடுங்க. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, டீசல் ஃபில்டர், பட்டைக்குக் கிரீஸ். காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போடாதீங்க.

"என் காசு, என் வண்டி"ன்னா, சரிதான். ஆனா ரோடு நம்மளது மட்டும் இல்லியே. மலை நமக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. அங்க இருக்கிறவங்களுக்கு ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற வழியே அதுதான்.

டிஸ்கி: லைட் பார் இப்போ பரண் மேல. பல்லிக்கு வெளிச்சம் காட்டுது :-)