மூணு பிள்ளைக்கு மூணு வரலாறு வாங்காதீங்க

வீடியோவில் பத்து நிமிஷத்துக்குள் அடங்காத விஷயம் இது, அதனால் எழுத்தில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோர் ஜூன் மாசம் நெருங்கினால் என்கிட்ட கேட்கிறது: "சார், வரலாற்றுக்கு எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம்? பெரியவனுக்கு 12, நடுவுல 9, சின்னவளுக்கு 6."

என் பதில் ஒண்ணுதான். மூணு பேருக்கும் சேர்த்து ஒரே வரலாறு. வகுப்புக்கு ஒரு செட் வேண்டாம்.

கணக்குல இருந்தே ஆரம்பிப்போம். ஒரு வகுப்புக்கான செட் 8,000 ரூபாய்னு வச்சுக்குங்க. மூணு பேருக்கு வருஷத்துக்கு 24,000. வெளிநாட்டு செட் என்றால் கார்டுல அந்நியச் செலாவணி மார்க்அப், அந்த மார்க்அப் மேல ஜிஎஸ்டி, புத்தகமா வந்தா சுங்க வரி. நம்ம ஊர்ல அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; ஆனா அதையே ஆன்லைன் கோர்ஸா விற்கும்போது 18% சேர்ந்துடும். "80சி-ல கழிச்சுக்கலாமா?" என்று கேட்பீங்க. முடியாது. அந்தக் கழிவு இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரியில் முழுநேரமாகப் படிக்கும் பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸுக்கு, அதுவும் ரெண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வாங்குற பெட்டிக்கு இல்லை.

ஆனா எனக்கு 24,000-ஐ விடப் பெருசாத் தெரியுறது யாரும் எழுதாத இன்னொரு செலவு. மூணு பேருக்கும் தனித்தனியா 45 நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள் என்றால் 6 மணி 45 நிமிஷம். வரலாறு ஒண்ணுக்கு மட்டும்! சேர்த்து உட்கார வச்சா 2 மணி 15 நிமிஷம்; பெரியவங்க ரெண்டு பேர் எழுதினதைப் பார்க்க இன்னொரு முக்கால் மணி. வாரத்துக்கு 3 மணி 45 நிமிஷம் மிச்சம். 40 வாரத்துக்கு 150 மணி நேரம். இது பெரும்பாலும் அம்மாவோட நேரம். வேலையை விட்டுட்டு வந்து சொல்லித் தர்றவங்க நேரத்துக்குப் பூஜ்யம் போட்டு எழுதுற பட்ஜெட்டை நான் ஆடிட் பண்ண மாட்டேன்.

கணக்குல இது முடியாது. ஆறாம் வகுப்பு கணக்கை ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை போடாது. வரலாற்றுல முடியும். அரிக்கமேட்டை எடுத்துக்குங்க. ஆறு வயசுப் பிள்ளைக்கு அது மணி செஞ்ச ஊர், கப்பல் வந்த ஊர். படம் வரைஞ்சா போதும். ஒன்பது வயசுக்கு வரைபடம்: ரோமில் இருந்து அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரம் வரைக்கும் சரக்கு எந்த வழியா வந்தது? பன்னிரண்டு வயசுக்குத்தான் உண்மையான கேள்வி. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டிட்டு, இத்தாலியப் பானை ஓட்டை வச்சு இந்த ஊருக்குக் காலம் குறிச்சார். 1989-ல் இருந்து தோண்டிய விமலா பெக்லி, ரோம வணிகத்துக்கு முன்னாடியே இங்கே குடியிருப்பு இருந்தது என்று காட்டினார். ஒரே மண், ரெண்டு முடிவு, எப்படி? இதை எந்த வொர்க்புக்கும் பெட்டிக்குள் வச்சு அனுப்பாது.

பாகூர் செப்பேடு இன்னொண்ணு, என் தொழிலுக்கு ரொம்பப் பிடிச்சது. 9-ஆம் நூற்றாண்டுல நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ அரசன் காலத்துல, பாகூர்ல இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூணு ஊர்களை எழுதி வச்சிருக்காங்க. கல்விக்கு நிரந்தர வருமானம், இன்னைக்கு நாம எண்டோமென்ட் என்று சொல்றது அதுதான். அப்புறம் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேவுக்கு துபாஷா இருந்தவர், 1736-ல் இருந்து 1761 வரைக்கும் தமிழ்ல நாட்குறிப்பு எழுதினவர். கப்பல், சரக்கு, கடன், வம்பு எல்லாம் இருக்கு. பெரிய பிள்ளைக்கு நாலு பக்கம் வாசிக்கக் கொடுங்க. ரங்கப்பிள்ளை வீதியில நடந்துட்டு வந்து வாசிச்சா இன்னும் நல்லது.

இதுக்கு வர்ற எதிர்வாதம், "காலவரிசை குழம்பிடுமே". நியாயமான பயம்தான். சுவத்துல நீளமா ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி, படிச்சதை எல்லாம் வருஷம் போட்டுக் குறிக்கச் சொல்லுங்க. அந்த பயத்துக்கு 100 ரூபாய்கூட ஆகாது.

எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் பலர் தடுக்கி விழுறாங்க. பழங்காலம் தொடங்கி இன்றுவரை நாலு வருஷச் சுற்று என்பது பல பாடத்திட்டங்களில் இருக்கு. சூசன் வைஸ் பௌவரின் 'தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்' நாலு பாகமும் அப்படித்தான். ஆனா பெரியவனுக்கு 12 ஆச்சுன்னா உங்ககிட்ட நாலு வருஷம் இல்லாம போகலாம். என்ஐஓஎஸ்-ல பத்தாம் வகுப்புக்கு 14 வயசு முடிஞ்சா பதிவு பண்ணலாம். அங்கே சமூக அறிவியல் கட்டாயம் இல்லை. எடுத்தா அதுல ஆங்கிலேயர் ஆட்சி, தேசிய இயக்கம் எல்லாம் வரும். அதனால மூத்த பிள்ளை தேர்வு எழுதப்போற தேதியில இருந்து பின்னோக்கி எண்ணி, நவீன காலத்தை முதல் வருஷமே எடுங்க. சின்னவளுக்கு எங்கே தொடங்கினாலும் ஒண்ணுதான், அடுத்த சுற்று அவளுக்கு இருக்கு.

அந்த முதல் வருஷத்தை நான் கீழூர்ல தொடங்குவேன். எங்க காட்டேரிக்குப்பத்துல இருந்து பைக்ல போற தூரம். 1954 அக்டோபர் 18 அன்னைக்கு அங்கே மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணையணும் என்று வாக்களிச்சாங்க, 8 பேர் வேண்டாம்னாங்க. நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி கை மாறியது 1962 ஆகஸ்ட் 16. ஏன் எட்டு வருஷம்? 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆச்சு. ஏன் எல்லா மக்களும் வாக்களிக்கலை? இந்த ரெண்டு கேள்வியும் 12 வயசுக்குச் சரியான தீனி. அகில இந்தியப் பாடநூல்ல நம்ம ஊருக்குக் கிடைக்கிற இடம் ரொம்பச் சின்னது. 1947 ஆகஸ்ட் 15-ஐ மட்டும் மனப்பாடம் பண்ற புதுச்சேரிப் பிள்ளைக்கு, தாத்தா பாட்டி வாழ்ந்த காலமே தெரியாம போயிடும்.

அடிப்படைப் புத்தகத்துக்குக் காசு தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ்ல, என்சிஇஆர்டி புத்தகங்கள் ஆங்கிலத்துல, ரெண்டுமே பிடிஎஃப்-ஆ இலவசம். 2023-24-ல் தொடங்கி நம்ம அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிட்டதால, பிள்ளை பிறகு பள்ளிக்குத் திரும்பலாம் என்ற எண்ணம் இருந்தா என்சிஇஆர்டி-யை முதுகெலும்பா வச்சுக்குங்க. இல்லைன்னா தமிழ்நாட்டுப் புத்தகம் போதும், சங்ககாலமும் சோழரும் அதுல நல்லா வரும். பிரிண்ட், பைண்டிங், பஸ் சார்ஜ், ரெண்டு மூணு கதைப் புத்தகம் எல்லாம் சேர்த்து என் கணக்குல வருஷத்துக்கு 5,000 ஒதுக்குங்க.

மிச்சப் பணத்தை இப்பவே வேற எதுலயும் முடக்க வேண்டாம். பெரியவனோட தேர்வுப் பதிவுக் கட்டணத்துக்கும் ஒரு வருஷ டியூஷனுக்கும் தனியா ஒரு ஆர்டி போட்டு வைங்க. தேர்வு வருஷம் மட்டும்தான் அவனுக்குன்னு தனியா வரலாறு வாங்க வேண்டி வரும்.