டாக்டர் பட்ட ஆராய்ச்சியும் தேசத்தின் கடமையும்

பழம்பாட்டை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறுவதால் தேசத்திற்கு என்ன பிரயோஜனம் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். காட்டு நாயின் பின்னால் அலைவதற்குப் பொதுஜனங்களின் பணத்தைக் கொடுக்க வேண்டுமா என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இவ்வாறு கேட்பவர்கள் தேசாபிமானம் இல்லாதவர்களல்லர். வரி செலுத்தும் குடியானவனின் காசு வீண்போகலாகாது என்னும் நல்லெண்ணமே அவர்களைப் பேசச் செய்கிறது. ஆயினும் அவர்களுடைய முடிவு தவறானதென்பது நமது உறுதியான அபிப்பிராயம். அதற்குரிய சாட்சியங்களை நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் செந்நாயை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஒழிக்கத்தக்க துஷ்டப் பிராணியாகக் கருதப்பட்டது. கொன்று வருபவர்க்குச் சன்மானமும் வழங்கப்பட்டது. அதன் வாழ்க்கையை நேரிற் கண்டறிந்து பேசியவர் மிகச் சிலரே. சிவகாசியில் கல்லூரி ஆசிரியராயிருந்த டாக்டர் ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார். அவை வேட்டையாடும் முறையையும், உண்ணும் இரையையும், குட்டிகளைப் பேணும் ஒழுங்கையும் கண்டு எழுதினார். மதுரைச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், பிற்காலத்தில் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் பல மாணாக்கர்களைப் பயிற்றுவித்தார். கொடியதென்று தூற்றப்பட்ட பிராணிக்கு விசாரணையின்றித் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சியே அதற்கு விசாரணை கொடுத்தது.

இரண்டாவது சாட்சியம் யானை. டாக்டர் இராமன் சுகுமார் 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளிலே யானைகளை ஆராய்ந்து, 1985-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வயலிற் புகுந்து கேழ்வரகையும் நெல்லையும் அழிப்பதில், கூட்டமாக வாழும் பெண் யானைகளைவிட ஆண் யானைகள் பன்மடங்கு முந்துகின்றன என்று அவர் காட்டினார். காட்டுப் புல்லைவிடப் பயிரில் சத்து மிகுதி; அதை நாடி ஆண் யானை உயிர் அபாயத்தையும் மேற்கொள்ளுகிறது. ஆகையால் எல்லா யானைகளையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. இரவெல்லாம் பரண்மீது விழித்திருக்கும் குடியானவனுக்கும், அவனுக்கு நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்ட சர்க்காருக்கும் இந்த உண்மையைவிடப் பயனுள்ளது வேறெது?

ஆனால், வழக்கு இத்துடன் முடிந்துவிடுவதில்லை. யானை ஏன் வயலுக்கு வருகிறது என்பதை உயிர்நூல் சொல்லும். காடு யாருடையது, அதற்கு வேலியிட்டவர் யார், மலைவாசிகளின் உரிமை எப்பொழுது பறிபோயிற்று என்பவற்றைச் சரித்திரமே சொல்ல வேண்டும். ஸ்ரீ இராமச்சந்திர குஹா கல்கத்தாவிலுள்ள இந்திய நிர்வாகக் கழகத்தில் உத்தரகண்டக் காடுகளைப் பற்றி ஆராய்ந்தார். அதிலிருந்து பிறந்த நூல் 1989-இல் வெளிவந்தது. மத்திய மாகாணக் காடுகளில் 1860 முதல் 1914 வரை நிகழ்ந்தவற்றை ஸ்ரீ மகேஷ் ரங்கராஜன் ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்தார். அந்நூல் 1996-இல் வெளிவந்தது. வனவாசிகளுக்கு இழைக்கப்பட்ட சரித்திர அநீதியை ஒப்புக்கொண்டே 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அநீதி நடந்ததென்று நிரூபிக்கப் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டுவோர் இல்லாவிடில், சட்டத்திற்கு ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும்?

பழம்பாட்டு ஆராய்ச்சியும் இத்தகையதே. யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் க. கைலாசபதி பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் பேராசிரியர் ஜார்ஜ் தாம்ஸனிடம் பயின்று, சங்கச் செய்யுட்களைக் கிரேக்க வீரகாவியங்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவை பாணர் வாய்மொழி மரபில் வந்தவையென்று வாதிக்கும் அவரது நூல் 1968-இல் ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் வெளிவந்தது. அதனை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஆனால் நமது இலக்கியம் உலக மன்றத்தில் வாதப்பிரதிவாதத்திற்குரிய பொருளாயிற்றன்றோ? குறிஞ்சிப் பாட்டுக்களில் தினைப்புனம் காப்போர் பரணேறிக் கவண் வீசி யானையை விரட்டுகின்றனர். பாலைப் பாட்டுக்களில் செந்நாய் திரிகிறது. புலவனும் விஞ்ஞானியும் ஒரே மலைச்சாரலில் நிற்கின்றனர். இவ்விருவரையும் வெவ்வேறு கட்டடங்களில் அடைத்து, ஒருவரையொருவர் அறியாதபடி செய்துவிட்டது நமது கல்விமுறையே.

ஆராய்ச்சி செய்வோரிடத்தும் குற்றமில்லாமலில்லை. உத்தியோகத்தின் பொருட்டே பட்டத்தைத் தேடுவோர் பெருகிவிட்டனர். சர்வகலாசாலைகளில் உதவிப் பேராசிரியராவதற்கு டாக்டர் பட்டம் அவசியமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதித்தது. 2023-இல் அதுவே அவ்விதியைத் தளர்த்திற்று. பட்டத்தை வேலைக்குரிய அநுமதிச் சீட்டாக்கினால், கூலிக்கு ஆய்வேடு எழுதிக் கொடுக்கும் வியாபாரம் தலையெடுப்பதில் வியப்பென்ன? சோத்கங்கா என்னும் மின்னணுக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் குவிந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால், யாருடைய வயலையும் காட்டையும் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களுக்கே அவை பூட்டிய பெட்டிகளாக இருக்கின்றன.

ஆகையால் மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். ஆராய்ச்சி மாணாக்கர்களின் உதவித் தொகை மாதந்தோறும் தவறாமல் அவர்களுக்குச் சேர வேண்டும். பசித்தவனிடம் சத்தியத்தைத் தேடும் பொறுமையை எதிர்பார்ப்பது தர்மமன்று. தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் ஏற்கும் ஒவ்வொரு ஆய்வேட்டிற்கும், சாமானியர் படித்துணரத்தக்க பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும். காட்டையும் விலங்கையும் ஆராய்வோர் சரித்திரத்தையும், சரித்திரத்தையும் இலக்கியத்தையும் ஆராய்வோர் காட்டையும் ஓரளவேனும் கற்க வழிசெய்ய வேண்டும்.

உடனடியாகப் பலன் தராத வித்தையை வீணென்று தள்ளும் தேசம், விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் குடும்பத்தை ஒக்கும். அன்றைய பசி தீரலாம். அடுத்த போகம் இல்லை. வருகிற வரவு செலவுத் திட்டத்தில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை நமது சட்டசபை அங்கத்தினர்கள் கவனித்துக் கேள்வி கேட்பார்களாக. அவர்கள் கேட்கத் தவறினால், அவர்களைக் கேட்பது ஜனங்களின் கடமையாகும்.