ஏரிக்கு அடியில் ஒரு கணக்கு

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது, ரிங்லெட்டைத் தாண்டியதும் சாலையோரம் ஓர் ஏரி வரும். தேயிலைத் தோட்டத்தைப் படமெடுக்கும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அது இயற்கை ஏரி அல்ல. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். தெலோம் ஆற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பெர்தாம் ஆற்றுப் பக்கம் வருகிறது. இங்கே தேங்கி, மறுபடியும் சுரங்கத்தில் இறங்கி, ஜோரில் உள்ள 100 மெகாவாட் மின்நிலையத்தை இயக்குகிறது.

ஆறு, சுரங்கம், ஏரி, மதகு எனப் பின்னிக்கிடக்கும் இத்தகைய வலையைப் பொறியியலாளர்கள் கணினிக்குள் கட்டிப் பார்க்கிறார்கள். ஏரிக்கு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் கணக்குதான்: வந்தது, போனது, மிச்சம். அணைக்குக் கீழேதான் சிக்கல். திறந்துவிட்ட நீர் எத்தனை நிமிடத்தில், எவ்வளவு உயரத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு வரும்? அதற்குப் பிரெஞ்சுப் பொறியியலாளர் சான் வெனான் 1871-இல் தந்த சமன்பாடுகள் உள்ளன. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, சில விநாடிக்கு ஒருமுறை கணினி அவற்றைத் தீர்க்கும். இதற்கான ஹெக்-ராஸ் மென்பொருள் இலவசம், மடிக்கணினியே போதும்.

ஆனால் மண் எவ்வளவு சேர்ந்தது என்பதை நாம்தான் அளந்து சொல்ல வேண்டும். நெருங்கி வளர்ந்த தேயிலைச் செடி தரையை மூடி, மண்ணை ஓரளவு பிடித்துவைக்கும். கொத்திப்போட்ட காய்கறிப் பாத்தி பிடிக்காது. மழைக்கு மழை மண் ஏரிக்குள் இறங்குகிறது. 6 மில்லியன் கன மீட்டருக்கு மேல் கொள்ளும்படி கட்டிய ஏரி அது. தோண்டி எடுத்தும் வண்டல் தீர்ந்தபாடில்லை. தொட்டிக்குள் செங்கல்லை அடுக்கிவிட்டுத் தண்ணீர் பிடித்தால் என்ன ஆகும்? சீக்கிரம் நிரம்பும், மதகையும் சீக்கிரம் திறக்க வேண்டிவரும்.

2013 அக்டோபர் 23, நள்ளிரவு கடந்த நேரம். கனமழையில் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. பெர்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. ஆற்றின் கரையை நெருக்கிக்கொண்டு வீடுகளும் தோட்டங்களும் எழுந்திருந்தன.

ஆகவே இந்த மாதிரிக்குப் புது மென்பொருளைவிடப் புது அளவுகளே அவசரம் என்பது என் கருத்து. படகில் போய் ஒலி அலையால் ஏரியின் அடித்தளத்தை அளக்க வேண்டும். ஆற்றின் இன்றைய அகலத்தைக் கரையில் நின்று அளக்க வேண்டும். அபாயச் சங்கு ஒலித்த பிறகு, பாட்டியையும் பிள்ளைகளையும் மேட்டுக்கு ஏற்ற ஒரு குடும்பத்துக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பது அந்த அளவுகளில் இருந்துதான் வருகிறது.