வரைபடத்தில் மங்கும் வடக்கு–தெற்கு

வான்வழிக் காந்த அளவீட்டுத் தரவு இன்று முன்னெப்போதையும்விட எளிதாகக் கைக்கு வருகிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் (ஜி.எஸ்.ஐ.) 2017இல் தேசிய வான்வழிப் புவி இயற்பியல் திட்டத்தைத் தொடங்கியது. 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் திறக்கப்பட்டது. பழம் பிளவுப்பெயர்ச்சிகளை மீட்டுருவாக்க முனைவோருக்கு இது நல்ல காலம். அதனாலேயே ஒன்றை இப்போதே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: தென் தீபகற்பத்தில், காந்த வரைபடத்தில் தெரியாத பிளவை ‘இல்லாத பிளவு’ என்று எழுதிவிடக் கூடாது.

இம்முறையின் வலிமையை நாம் அறிவோம். மண்ணும் வண்டலும் மூடிய பாறையின் காந்தத்தையும் விமானத்தின் காந்தமானி பதிவு செய்கிறது. பிளவின் வழியே ஏறிய வெந்நீர்க் கரைசல்கள் மேக்னடைட்டை ஹேமடைட்டாக மாற்றியிருந்தால், அந்தப் பட்டை காந்தம் குன்றி நிற்கும். செங்குத்தான டைக் ஒன்றைப் பிளவு அறுத்து நகர்த்தியிருந்தால், அறுந்த முனைகள் விலகிய தூரமே பக்கவாட்டு நகர்வின் அளவு.

சிக்கல் நம் இருப்பிடத்தில் இருக்கிறது. காந்த நடுக்கோடு தீபகற்பத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இங்கே காந்தச் சரிவு சில பாகைகளே. புலம் ஏறக்குறையக் கிடையாக வடக்கு நோக்குகிறது. கிழக்கு–மேற்காகக் கிடக்கும் பாறைப் பட்டை குறுக்கே காந்தமேறி வலுவான முரணைத் தருகிறது. பாலக்காடு–காவிரி சறுக்குப்பெயர்ச்சி மண்டலத்தின் திசை நமக்குச் சாதகமானது. வடக்கு–தெற்காக நீளும் பட்டையோ நெடுகக் காந்தமேறுகிறது. துருவங்கள் இரு நுனிகளில்தான் உருவாகும். நடுவில் காந்த ஏற்புத்திறன் மாறும் இடங்களில் மட்டும், கோத்த மணிகள்போலச் சிறு முரண்கள் தோன்றும். ஏலகிரி, சேவத்தூர், சாமல்பட்டி என வட-வடகிழக்குப் போக்கில் அமைந்த சயனைட், கார்பனடைட் ஊடுருவல்களை ஆராய்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே தனித்தனியாகத் தெரியும் முரண்கள் தனித்தனிப் பாறைகளா, துண்டுபட்டுத் தெரியும் ஒரே நெடும் பிளவின் தடமா என்பதை வரைபடம் மட்டுமே தீர்த்துவிடாது.

தரவைத் துருவத்துக்கு மாற்றும் கணக்கீடு இதைச் சரிசெய்துவிடும் என்று நம்புவதும் ஆபத்து. சரிவு குறையக் குறைய வகுக்கும் எண் பூச்சியத்தை நெருங்கி, இரைச்சல் பெருகி, காந்த வடக்கை ஒட்டிப் பொய்யான கீற்றுகள் விழும். உண்மையான வடக்கு–தெற்குப் பிளவு மங்க, இல்லாத ஒன்று அதே திசையில் முளைக்கும். மாற்றாத வரைபடத்திலோ வேறொரு பொறி உண்டு: இங்கே தூண்டல் காந்தமுள்ள பாறைக்கு நேர் மேலே புலம் குறையும். கஞ்சமலையில் உள்ளதுபோன்ற மேக்னடைட் குவார்ட்சைட்டின் மேல் விழும் தாழ்முரணைக் காந்தமிழந்த பிளவுப்பட்டை என்று தவறாகப் படிக்க இடமுண்டு.

வழி இல்லாமல் இல்லை. தார்வார் கிரேட்டானில் சுமார் 237 கோடி ஆண்டுப் பழமையுள்ள டைக்குகள் பெரும்பாலும் கிழக்கு–மேற்காக ஓடுகின்றன. அவை நன்றாகத் தெரியும் திசை அது. வடக்கு–தெற்குப் பிளவு தன்னைக் காட்டாவிட்டாலும், அது அறுத்த டைக் காட்டிக்கொடுக்கும். புவியீர்ப்புத் தரவுக்கு இந்தத் திசைக் குறை கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனவே, இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் பறப்புக் கோடுகளின் திசை, இடைவெளி, உயரம், கணக்கில் கொண்ட காந்தச் சரிவு ஆகியவற்றை வரைபடத்தோடு தர வேண்டும். மாற்றாத வரைபடமும் உடன் இருக்க வேண்டும். களத்தில் அளந்த ஏற்புத்திறனும், இயன்றவரை எஞ்சிய காந்தமும் இடம்பெற வேண்டும். எந்தத் திசைப் பிளவுகளைத் தம் தரவால் காண இயலாது என்பதை ஆசிரியர்களே எழுத வேண்டும்.

அச்சன்கோவில் மண்டலத்தை மடகாஸ்கரின் ரனோட்சாராவோடு பொருத்திக் கோண்டுவானாவை மீண்டும் இணைத்துப் பார்க்கும் வேலை இத்தகைய வரைபடங்களையும் நம்பியிருக்கிறது. ஒரு திசைக் கோடுகளை மட்டும் வைத்துக் கண்டங்களைப் பொருத்தினால், பொருத்தம் நம் கருவியின் சாய்வைத்தான் காட்டும். அதைத் தவிர்க்கும் பொறுப்பு வரைபடம் வரைபவருக்கும், அதை மதிப்பிட்டு வெளியிடும் நமக்கும் சமமாக உண்டு.