ஒரு நேரத்தில் ஒரு தெரிவு

லினக்ஸ் நிறுவும்போது சிடி டிரைவ் பாதியில் திணறி, திரை முழுக்கப் பிழைச்செய்தி ஓடினால், பலர் கெர்னல் வரியில் 'ஏசிபிஐ=ஆஃப்', 'நோஏபிக்' என்று கைக்குக் கிடைத்த தெரிவுகளையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது. ஏசிபிஐ போனால் பேட்டரி அளவு, மின்சிக்கனம் எல்லாம் கூடவே போகும். முதலில் வட்டில் கீறல் இருக்கிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவற்றை எந்தத் தெரிவும் சரிசெய்யாது. அடுத்த சந்தேகம், டிரைவிலிருந்து நினைவகத்துக்கு நேரடியாகத் தரவு கடத்தும் டிஎம்ஏ மீது விழட்டும். கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'லிபாட்டா.டிஎம்ஏ=1' சேர்த்து எஃப்10 தட்டுங்கள். ஹார்டு டிஸ்க்குக்கு டிஎம்ஏ இருக்கும்; சிடி டிரைவுக்கு மட்டும் நிற்கும். தரவை ப்ராசஸரே சுமப்பதால் சிடி வாசிப்பு மெதுவாகும், அவ்வளவுதான். 1க்குப் பதில் 0 போட்டால் ஹார்டு டிஸ்க்கும் மந்தமாகிவிடும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே என்பதால் ஒவ்வொன்றாகத் தைரியமாகச் சோதிக்கலாம். இதையெல்லாம் தேடிப் பயனரை அலையவிடாமல், எந்தத் தெரிவு எதை நிறுத்தும் என்பதை நிறுவல் பட்டியலிலேயே நாலு வரியில் சொல்வதுதான் டிஸ்ட்ரோக்காரர்களுக்கு அழகு.